நீட்டின கையும் பகைக் கல்லும்

கல் ஐயா வந்து கடை போட்ட பிறகுதான் அந்த ஊர் ஜனங்களுக்குத் தாங்கள் இத்தனை காலமும் ஒத்துவராத கல்லோடு குடும்பம் நடத்தியது தெரியவந்தது.

கடைத்தெருவில் மூடிக் கிடந்த போட்டோ ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்து, 'பிறவிக்கல் ஆலோசனை நிலையம்' என்று பலகை மாட்டினார். ஆரம்பத்தில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு நாலு பேர் வந்தார்கள். அப்புறம் வரிசை மருந்துக்கடையைத் தாண்டியது. கடைசியில் மருந்துக்கடைக்காரரே ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு வரிசையில் நின்றார். மாத்திரை விற்கிறவருக்கே கல் தேவைப்பட்டால் மற்றவர்கள் கதி என்ன?

அவருடைய சாஸ்திரம் ரொம்ப எளிது. மாதத்துக்கு ஒரு கல். ஏப்ரலுக்கு வைரம், மே மாதத்துக்கு மரகதம், ஜூனுக்கு முத்து, ஜூலைக்கு மாணிக்கம். பிறந்த மாதத்துக்கு உரிய கல் நட்பு. மற்றதில் பல கல் பகை. அதிலும் வைரம் பகையாகிவிட்டால் தொலைந்தது.

“வைரம் ராஜாங்க. புடிச்சா தூக்கி வைக்கும். புடிக்கலைன்னா தூக்கிப் போட்டு மிதிக்கும்” என்பார் கல் ஐயா. கேட்பவர்கள் உடனே தங்கள் காதையும் மூக்கையும் விரலையும் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

நட்பா, பகையா என்று கண்டுபிடிக்கும் முறைதான் ஊரையே மயக்கியது. வலது உள்ளங்கையில் கல்லை வைத்து மூட வேண்டும். இடது கையைத் தோளுக்கு நேராக நீட்ட வேண்டும். கல் ஐயா கண்ணை மூடி, இரண்டே இரண்டு விரலால் நீட்டின கையை அழுத்துவார். கை நின்றால் நட்பு. தொபுக்கென்று விழுந்தால் பகை. பயில்வான் போல இருப்பவன் கைகூட வெட்டுப்பட்ட கிளையாக விழும். கண்ணால் பார்த்ததை நம்பாமல் எப்படி இருப்பது?

பகைக் கல்லை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. கல் ஐயாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் அதைக் 'குளிர' வைப்பார். பதிலுக்கு நட்புக் கல் ஒன்று பளபளவென்று கைக்கு வரும். குளிரப் போன வைரம் மட்டும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. அதற்கு என்ன குளிரோ!

ஊரே கையை நீட்டிக்கொண்டு திரிந்தது. வங்கி வரிசையில் நீட்டினார்கள். கத்திரிக்காய் வாங்கும்போது ஒரு அம்மாள் கத்திரிக்காயைக் கையில் பொத்திக்கொண்டு மறு கையை நீட்டி, கடைக்காரரை அழுத்தச் சொன்னாள். இன்னொரு விசேஷம்: வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். ஒரே மாதத்தில் இத்தனை பேர் பிறந்திருந்தால் பிரசவ ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் மரத்தடியில் அல்லவா படுக்க வைத்திருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முத்து விற்றுத் தீர்ந்தது.

அப்படி ஜூனில் பிறந்தவர்களில் ஒருவர்தான் கியர் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவருக்கு அப்போது நேரம் சரியில்லை. அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் லைசென்ஸ் தேர்வில் வரிசையாகக் கோட்டை விட்டார்கள். பயிற்சிக் கார் தபால் ஆபீஸ் கேட்டில் போய் முட்டியது. கேட் பிழைத்துக்கொண்டது, பம்பர் பிழைக்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் அரட்டை அடித்தால் கார் முட்டத்தான் செய்யும் என்றார் அவருடைய அக்கா. கூடப் பிறந்தவள் சொல்வதையெல்லாம் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள முடியுமா? மாஸ்டர் கல் ஐயாவிடம் போனார்.

“பிறந்த தேதி?”

“ஜூன் ரெண்டுங்க.”

கல் ஐயா கண்ணை மூடினார். “கோபம் வரும். ஆனா மனசு வெள்ளை. எவ்வளவு நல்லது செஞ்சாலும் நல்ல பேர் இல்லை. வயித்துல அப்பப்போ ஒரு சங்கடம்.”

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோபம் வராதவனும், தன் மனசு கறுப்பு என்று நினைப்பவனும், வயிறு ஒருநாளும் தகராறு செய்யாதவனும் உலகத்தில் எங்கே இருக்கிறான்? அவருக்கு அது தோன்றவில்லை. நேரில் பார்த்த மாதிரி சொல்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது.

தட்டில் சோதனைக்காக வைத்திருந்த வைரத்தைக் கையில் கொடுத்து கல் ஐயா அழுத்தினார். மாஸ்டரின் கை விழுந்தது.

“வீட்டுல வைரம் இருக்கா?”

“எங்க அக்கா விரல்ல ஒரு மோதிரம் இருக்குங்க. கடுகளவு கல்லு.”

“ஒரே வீடா?”

“ஒரே வீடுதாங்க.”

“அப்புறம் என்ன? உங்க கார் கேட்டுல முட்டலை தம்பி. அந்தக் கல்லு புடிச்சுத் தள்ளியிருக்கு.”

மாஸ்டர் அரண்டுபோய் வீட்டுக்கு வந்தார். கூட வந்த அவர் மனைவி அவரைவிட அதிகம் அரண்டிருந்தாள். அவளுடைய தங்கை தன் வைரத் தோட்டைக் கொடுத்து நீலக் கல் வாங்கின மறுநாளே அவள் வீட்டு மாடிக் குழாயில் தண்ணீர் வந்ததாம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அக்கா வாசல் அறையில் தையல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்தவர். யாருக்கும் பாரமில்லாமல் அந்த அறையிலேயே துணி தைத்துப் பிழைத்தார். கைக்கு வந்த சட்டைகளுக்குப் பொத்தான் வைத்தே விரல் தேய்ந்திருந்தது. தேய்ந்த அந்த விரலில்தான் மோதிரம். பாத்திரம் துலக்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துட்டா நல்லதுன்னு ஐயா சொல்றாரு” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“எந்த ஐயா?”

“கல் ஐயாதான்க்கா” என்றார் மாஸ்டர். “நான் ஜூன்ல பொறந்தவன். ஜூனுக்கும் வைரத்துக்கும் ஜென்மப் பகையாம்.”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “நீ ஜூன்ல பொறந்தவன்னு யாருடா சொன்னா?”

“சர்டிபிகேட் சொல்லுது.”

“சர்டிபிகேட் என்ன உனக்குப் பிரசவம் பார்த்துச்சா? பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப உனக்கு வயசு பத்தலை. வீட்டுல ஒரு சாமானை உருப்படியா விட்டு வைக்க மாட்டே. உன்னை எப்படியாவது உள்ள தள்ளிடணும்னு அப்பா ஜூன் ரெண்டுன்னு சொல்லிட்டாரு. நிஜமா நீ பொறந்தது அதுக்கு அடுத்த ஏப்ரல். நான் கூடவே இருந்தேன். பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதே.”

மாஸ்டர் வாயைப் பிளந்தார்.

“நீ மட்டுமா? வயசு பத்தாதவன் எல்லாம் ஜூன்லதான் பொறந்தான். அந்த ஆள் கணக்குப்படியே பார்த்தாலும் ஏப்ரலுக்கு வைரம். அப்ப இது உன் சொந்தக் கல்லுடா. அவர் என்னடான்னா பகைங்கிறாரு. இன்னொண்ணு கேளு. இந்த மாசத்துக்கு இந்தக் கல்லுன்னு இப்ப இருக்கிற பட்டியலைப் போட்டதே அமெரிக்காவுல இருக்கிற நகைக் கடைக்காரங்க சங்கம்தான். நூறு வருஷத்துக்கு முன்னாடி கூட்டம் போட்டு முடிவு பண்ணாங்க. இப்ப கொஞ்ச காலத்துக்கு முன்னாடி டிசம்பருக்குப் புதுசா ஒரு கல்லைச் சேர்த்தாங்க. டிசம்பர்ல என்ன மாறிச்சு? சங்கத் தீர்மானம் மாறிச்சு.”

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு மனிதனுக்குப் பிறந்தநாள் மாறினால் எப்படி இருக்கும்? மறுநாளே கல் ஐயாவிடம் ஓடி விஷயத்தைச் சொன்னார்.

கல் ஐயா கண்கூடச் சிமிட்டவில்லை. “பதிவான தேதிதான் கல்லுக்குச் செல்லும். முத்திரை விழுந்தாச்சுல்ல?”

கற்களும் அரசாங்க முத்திரைக்குக் கட்டுப்பட்டவை என்று கேட்டதும் மாஸ்டருக்கு நிம்மதியாக இருந்தது. பிறந்தநாள் திரும்பக் கிடைத்துவிட்டதே!

“அது கிடக்கட்டும். உங்க அக்கா வீட்டுக்காரர் இருக்காரா?”

“அத்தான் போய்ச் சேர்ந்துட்டாருங்க.”

கல் ஐயா குரலைத் தாழ்த்தினார். “மோதிரம் வாங்கினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

மாஸ்டர் யோசித்தார். “பின்னாடிதாங்க.”

“பார்த்தீங்களா?” என்று கல் ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

செத்துப்போன பிறகு பெண்டாட்டிக்கு மோதிரம் வாங்கித் தருகிற புருஷன் எந்த ஊரிலும் கிடையாது. மாஸ்டருக்கு இது உறைக்கவில்லை. அவர் நேரே வீட்டுக்குப் போய், மென்று விழுங்கி, கடைசியில் சொல்லியே விட்டார்.

“அக்கா, அத்தானைக் கொண்டு போனதே அந்தக் கல்லுதானாம்.”

தையல் இயந்திரம் நின்றது. அக்கா திட்டுவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அக்கா திட்டவில்லை. மோதிரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு என்னடா சம்பளம்? ஊர்ல இருக்கிற கட்டடம் எல்லாம் ஏறி இறங்கி, ஓவர்டைம் பார்த்து இதை வாங்கினாரு. கல்லு எங்க இருக்குன்னு தேடிப் பார்க்கணும்னு நானே கிண்டல் பண்ணுவேன். நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட் குடிப்பாரு. டாக்டர் சொன்னாரு, நான் காலைப் புடிக்காத குறையா சொன்னேன். விடலை. நெஞ்சு நின்னுபோச்சு. இப்ப நான் கொன்னேங்கிறியா?”

“ஐயோ, நீ இல்லக்கா. கல்லு...”

“போட்டுக்கிட்டிருந்தது நான்தானே?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுது முடித்த முகமாக இல்லை, ஒரு முடிவுக்கு வந்த முகமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை அங்க கூட்டம் ஜாஸ்தி இருக்கும்ல? அன்னிக்கு வரேன். என் மோதிரம்தான் கொன்னுதுன்னு எல்லார் முன்னாடியும் அவர் நிரூபிக்கட்டும். கழட்டிக் குடுத்துட்டு வந்துடறேன்.”

“தேறிட்டீங்க அண்ணி” என்றாள் மனைவி சந்தோஷமாக.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதியது. அக்கா வாசலிலேயே தம்பியை நிறுத்தி, சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்து, பாக்கெட்டைத் தட்டி நீவிவிட்டார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் சட்டை கசங்கியிருந்தால் தையல்காரிக்குப் பொறுக்காது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

உள்ளே கல் ஐயா உயரமான நாற்காலியில் இருந்தார். பின்பக்கம் ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் அவருடைய மச்சான் வைத்திருக்கும் நகைக்கடை. காற்றோட்டத்துக்காகக் கதவு வைத்திருப்பதாகச் சொல்வார்கள்.

“வாங்கம்மா. கொண்டு வந்திருக்கீங்களா?”

“கொண்டு வந்திருக்கேன். தாராளமா தரேன். ஒரே ஒரு சந்தேகம்.” அக்காவின் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. “பகைன்னு சொல்றது கல்லா, நீங்களா?”

“கல்தான் சொல்லுது. நான் வெறும் விரல்” என்றார் கல் ஐயா பணிவாக. கூட்டம் உச்சுக் கொட்டியது.

“கல் டப்பாவுக்குள்ள இருந்தா?”

“இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சாலும் சொல்லும்!”

“அதான் வேணும்” என்ற அக்கா, பையிலிருந்து பொத்தான் போட்டு வைக்கும் தகர டப்பாக்கள் நாலை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் ஒரே மாதிரி. மூடி மேல் துணி நாடா ஒட்டியிருந்தது. “எங்க குடும்பத்தைக் கெடுத்த வைரம் இந்த இடத்துலதான் இருக்கு. எங்க இருக்குன்னு உங்க விரல் சொல்லட்டும். கை நீட்ட என் தம்பி இருக்கான். அவனுக்குத்தானே பகை?”

கல் ஐயா ஒரு விநாடி தயங்கினார். ஆனால் கூட்டம் ஏற்கெனவே கைதட்டிவிட்டது. அத்தனை பேர் கைதட்டிய பிறகு முடியாது என்று சொல்ல எந்த மகானுக்கும் தைரியம் வராது.

மாஸ்டர் முதல் டப்பாவை வலது கையில் பொத்திக்கொண்டு இடது கையை நீட்டினார். கல் ஐயா அழுத்தினார். பார்வை மட்டும் அக்கா முகத்தில் இருந்தது. அக்கா சலனமில்லாமல் நின்றார். கை நின்றது. இரண்டாவது டப்பா. அதே கதை. மூன்றாவதை எடுத்தபோது அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு புடவைத் தலைப்பைத் திருகினார். கல் ஐயாவின் முகம் மலர்ந்தது. மாஸ்டரின் கை சொத்தென்று விழுந்தது.

“நெருப்பு! நெருப்பு!” என்று விரலை உதறினார் கல் ஐயா. “நாலாவதைப் பார்க்கவே வேணாம். இதுதான் ஆளைக் கொன்ன கல்லு!”

“பார்த்துடுங்க. குறை எதுக்கு?” என்றார் அக்கா. நாலாவதுக்கும் கை அசையாமல் நின்றது.

“திறடா மூணாவதை” என்றார் அக்கா.

மாஸ்டர் நாடாவைப் பிய்த்துத் திறந்தார். உள்ளே வெள்ளையாக ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது.

கூட்டம் அசைந்தது. மாஸ்டர் படபடவென்று மற்ற மூன்றையும் திறந்தார். பொத்தான், பொத்தான், பொத்தான்.

“இது மோசடி! இதுல வைரமே இல்லை!” என்று கல் ஐயா எழுந்தே நின்றுவிட்டார்.

“டப்பாவுல இருக்குன்னு நான் சொல்லலையே. இந்த இடத்துல இருக்குன்னு சொன்னேன். தம்பி, உன் பாக்கெட்டைப் பாரு.”

மாஸ்டர் சட்டைப் பாக்கெட்டில் விரலை விட்டார். மோதிரம் வந்தது. ஜென்மப் பகையான வைரம் அவ்வளவு நேரமும் அவர் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. வாசலில் சட்டையை நீவியபோது அக்கா அதை உள்ளே நழுவ விட்டிருந்தார்.

“பகைக் கல் நெஞ்சு மேலயே இருக்கு. மூணு தடவை கை நிக்குது. ஒரு ஓட்டைப் பொத்தானுக்குக் கை விழுது. அப்ப ஆளைக் கொல்றது பொத்தானா ஐயா? ஊர்ல எல்லார் சட்டையிலயும் அஞ்சாறு இருக்கே!”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு மூலை சிரித்தது. கல் ஐயா கையை உயர்த்தினார். “அமைதி! வைரம் பக்கத்துல இருந்ததால பொத்தானுக்கே அந்தக் கதிர் ஏறிடுச்சு...”

மாஸ்டர் இதைக் கேட்கவில்லை. அவர் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் தடம் சிவப்பாகத் தெரிந்தது. வலித்ததும் அங்கேதான். மற்ற மூன்று தடவையும் விரல் பட்டது முழங்கைக்குப் பக்கத்தில் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாஸ்டரின் மூளையில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு கியர் விழுந்தது.

“வீல் ஸ்பேனர்!” என்று கத்தினார்.

“என்னது?”

“டயர் மாத்தறப்ப தினம் நான் சொல்லிக் குடுக்கிறதுதான்யா! ஸ்பேனரை நடுவுல புடிச்சு அமுக்கினா நட்டு அசையாது. நுனியில புடிச்சு அமுக்கினா சின்னப் பொண்ணுகூட கழட்டிடும். கை நிக்கணும்னா நீர் முழங்கைகிட்ட அமுக்கறீர். விழணும்னா மணிக்கட்டுகிட்ட அமுக்கறீர்! நீட்டும்யா கையை!”

கல் ஐயா நீட்ட மறுத்தார். மருந்துக்கடைக்காரர் பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்து நீட்டிவிட்டார். தட்டிலேயே உயர்ந்த, தனக்கே உரிய நட்புக் கல் என்று கல் ஐயா சொல்லிக்கொள்ளும் கல்லை மாஸ்டர் அவருடைய மறு கையில் திணித்தார். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு அழுத்து. கை விழுந்தது. கல்லைப் பிடுங்கிக்கொண்டு, வெறுங்கையோடு முழங்கைப் பக்கம் ஒரு அழுத்து. ஜம்மென்று நின்றது.

அப்புறம் அங்கே நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். மாமியார் மருமகளை அழுத்தினாள். மருமகள் கொஞ்சம் கூடுதலாகவே மாமியாரை அழுத்தினாள். அழுத்திய இடத்துக்குத் தக்கபடி கை நின்றது, விழுந்தது.

இந்த அமளியில் கல் ஐயா காற்றோட்டக் கதவு வழியாக நழுவப் பார்த்தார். கூட்டமும் பின்னாலேயே போய் மச்சானின் நகைக்கடைக்குள் விழுந்தது. கண்ணாடி அலமாரியில் 'ஏப்ரல் மாதத்தவருக்கு' என்று எழுதி வைர நகைகள் வரிசையாக இருந்தன. பார்லர் நடத்தும் பெண் ஒருத்தி அதில் ஒரு தோட்டைப் பார்த்து அலறினாள்.

“இது என் தோடு! திருகாணி மாத்திப் போட்டது நானேதான்! கொலைகாரக் கல்லுன்னு சொன்னீரேய்யா!”

அவளுக்குக் கொலைகாரக் கல். அடுத்தவருக்கு அதிர்ஷ்டக் கல். நடுவில் ஒரு கதவு. போலீஸ் வந்தபோது கல் ஐயா தனக்கு நெஞ்சு வலிப்பதாகச் சொன்னார். மோதிரம் எதுவும் அவர் போட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மாஸ்டர் மோதிரத்தை அக்காவிடம் நீட்டினார். “அக்கா, அத்தானைப் பத்தி அவன் சொன்னப்ப... நான் நம்பிட்டேன்க்கா.”

“தெரியும்டா. அதான் வலிச்சுது. எவனோ பேசினதுக்கெல்லாம் நான் அழுவேனா?”

அக்கா மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்திலேயே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அக்காவே அவர் தோளில் கை போட்டுக்கொண்டார்.

பின்னாலிருந்து யாரோ மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள். கூட்டத்தில் ரொம்பப் பலமாகக் கைதட்டியவள்.

“நல்ல வேளை, காப்பாத்தினீங்க! இவன் சரியான போலி. ஏங்க, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே. நிஜமான கல் ஐயா யாராவது இருந்தா விலாசம் சொல்லுங்களேன்.”

அக்கா அந்த அம்மாளை மேலும் கீழும் பார்த்தார்.

“இருக்காரும்மா. உங்க ரெண்டு காதுக்கும் நடுவுல, பிறந்த நாள்லேர்ந்து அங்கேயேதான் குடியிருக்காரு. இன்னிக்கு வரைக்கும் யாரும் அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்னிக்காவது எழுப்பி ஒண்ணு கேட்டுப் பாருங்க!”